கடல் கடந்த படையணியும் காத்திருந்த வீடுகளும்

கண்டிப் போர்களைப் பற்றி ஒன்பதாம் தரத்துக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பிரித்தானியரின் மலாய்ப் படையினரைப் பற்றிச் சொல்லி, அந்தப் படையணி பிற்காலத்தில் சீனத்துக் கரை வரைக்கும் அனுப்பப்பட்டது என்று ஒரு வரியில் முடித்தபோது, பின்வரிசையில் இருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: “சேர், அவங்க திரும்பி வீட்டுக்கு எப்ப வந்தாங்க?” அந்தப் பிள்ளையின் வாப்பா கடற்படையில் இருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை திருகோணமலையிலிருந்து வருவார். கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கியது. ஆனால் பாடநூலில் அதற்குரிய இடம் இல்லை. படைகள் புறப்படுவதும் மோதுவதும் அதில் உண்டு. வாசற்படியில் மூட்டையை இறக்கிவைக்கும் ஆளைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது.

இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து எழுதப்படுவது.

முஸ்லிம்களின் கடற்படை வரலாறு என்றவுடன் நாம் குஞ்சாலி மரைக்காயர்களிடம் போய்விடுவோம். அவர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, இன்னும் எழுதுவோம். கொழும்பிலேயே நம்மோடு ஒரே பள்ளிவாசலில் ஸப்பில் நிற்கும் மலாயர்களின் படை வரலாற்றைத் தமிழில் எழுதியது மிகக் குறைவு. பேராசிரியர் பி.ஏ. ஹுசைன்மியா 1987இலும் 1990இலும் வெளியிட்ட இரண்டு ஆங்கில நூல்கள் இத்துறையில் அடித்தளம் எனலாம்.

மலாயர் என்று நாம் ஒரே சொல்லில் குறிப்பிடுவோர், ஜாவா, மதுரா, மக்காசார், மொலுக்கத் தீவுகள் என்று பல இடங்களிலிருந்து ஒல்லாந்தரால் கொண்டுவரப்பட்டவர்கள். சிலர் நாடுகடத்தப்பட்ட அரச குடும்பத்தினர், பலர் படைவீரர்கள். 1796இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்கு மாறியபோது இந்த வீரர்களும் கைமாறினார்கள். தேசாதிபதி நோர்த் காலத்தில் தனி மலாய்ப் படை அமைந்தது. 1803ஆம் ஆண்டு கண்டிப் போரில் இரு தரப்பிலும் மலாயர் நின்றார்கள். ஆங்கிலேயரின் கீழ் இருந்த கப்டன் நூர்தீன், கண்டி மன்னனின் சேவைக்கு வர மறுத்துக் கொல்லப்பட்டார். 1827இல் அப்படை ‘இலங்கை றைபிள் படையணி’ என்ற பெயரைப் பெற்றது. அதில் சிங்களவரும், காபிரிகளும், இந்தியச் சிப்பாய்களும் இருந்தபோதும் முதுகெலும்பு மலாயர்தான்.

இப்படையணியின் ஒரு சிறப்பைச் சொல்லவேண்டும். பிரித்தானியப் படைகளில் ஒரு கம்பனி வெளிநாடு போகும்போது நூறு பேருக்கு ஏறத்தாழ 6 மனைவியருக்கே கப்பலில் இடம் கிடைக்கும். அந்த ஆறு பேரையும் கப்பல் ஏறும் தறுவாயில் சீட்டுக் குலுக்கித் தெரிவார்கள். சீட்டு விழாதவள் துறைமுகத்தில் பிள்ளையோடு நிற்பாள். மலாய்ப் படையினரின் நிலை வேறு. அவர்கள் குடும்பத்தோடு பாளையத்தில் வாழ்ந்தார்கள். படையணிக்கென்று பாடசாலை இருந்தது. தகப்பன் ஓய்வுபெற்றால் மகன் சேர்வான். கொம்பனித்தெருவில் இன்றும் றைபிள் வீதி, மலே வீதி, ஜாவா லேன் என்று வழங்கும் பெயர்கள் அந்தக் குடியிருப்பின் எச்சங்கள். வேகந்தைப் பள்ளிவாசலுக்கு ஜாவாவைச் சேர்ந்த பண்டான் பாலி 1786இல் காணி கொடுத்தார் என்பது கொழும்பு முஸ்லிம்கள் அறிந்த செய்தி.

இப்படிக் குடும்பமும் பாளையமும் ஒன்றாகக் கிடந்த ஒரு படைக்கே 1847இல் ஹொங்கொங் போகும்படி கட்டளை வந்தது.

ஹொங்கொங் அப்போது ஆங்கிலேயர் கைக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1843ஆம் ஆண்டுக் கோடையில் பரவிய காய்ச்சல் அங்கிருந்த காவற்படையில் பெருந்தொகையினரைப் பலிகொண்டது. வெள்ளைச் சிப்பாய்கள் அந்தக் காலநிலையில் நிலைக்கமாட்டார்கள், ஆசியர்களை அனுப்பினால் தாங்குவார்கள் என்பது அக்காலத்து இராணுவ அதிகாரிகளின் கணக்கு. ஆசியனின் உடம்பும் உடம்புதான் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. காய்ச்சல் தவிர வேறு ஆபத்துகளும் இருந்தன. 1849 பெப்ரவரியில் இப்படையணியின் லெப்டினன்ட் ட்வையர், கப்டன் டா கொஸ்டா என்ற மற்றோர் அதிகாரியுடன் தீவின் தென்கரைக் கிராமமொன்றில் கொல்லப்பட்டார். சூய் அபூ என்ற கடற்கொள்ளைத் தலைவன்மீது அக்கொலை சுமத்தப்பட்டது. அதிகாரியின் சாவு பத்திரிகைகளுக்கும் வரலாற்று நூல்களுக்கும் போனது. காய்ச்சலில் போன சிப்பாய்க்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

கொழும்புக்கும் ஹொங்கொங்குக்கும் இடையில் செய்தி எப்படிப் போய்வந்தது? 1845இல் பி அண்ட் ஓ கம்பனி தன் நீராவிக் கப்பல் சேவையை ஹொங்கொங் வரை நீட்டியது. அந்தக் கப்பல்கள் காலித் துறைமுகத்தைத் தொட்டு, பினாங்கு, சிங்கப்பூர் வழியாகப் போகும். கொழும்புத் துறைமுகத்துக்கு அப்போது அலைதடுப்பு அணை இல்லை. அதற்கான அடிக்கல்லே 1875 டிசம்பரில்தான் நடப்பட்டது. ஆகவே ஹொங்கொங்கிலிருந்து வரும் கடிதம் காலியில் இறங்கி, தரைவழியாகக் கொழும்புக்கு வரவேண்டும். படையினரில் பலர் எழுத்தறிவு உடையவர்கள். மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி முறை அவர்களுக்குப் பழக்கம். நம்முடைய அறபுத் தமிழுக்கு அது சகோதரம் என்று சொல்லலாம்.

இந்த இடத்தில் ஒரு சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். என் ராத்தா மாளிகாவத்தைத் தொடர்மாடியில் குடியிருக்கிறார். கலாசாலையில் பயிற்சி பெற்ற காலம் தொட்டு, கொழும்புக்கு அலுவலாக வந்தால் அங்குதான் தங்குவேன். பக்கத்து வீட்டில் ஒரு மலாய் மூத்தம்மா இருந்தார். கொம்பனித்தெருவிலிருந்து வந்த குடும்பம். நான் வரலாறு படிப்பிக்கிறவன் என்று கேள்விப்பட்டு ஒரு நாள் ஒரு பழைய கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினார். “மகன், இத வாசிக்க ஏலுமா? எங்கட வாப்பாட வாப்பா வெச்சிருந்தது.”

ஜாவி எழுத்து. நான் சிறுவயதில் மத்ரசாவில் அறபுத் தமிழ்க் கிதாபு ஓதியவன்; எழுத்து எனக்குத் தெரியும், மொழி தெரியாது. மூத்தம்மாவுக்கு மொழி தெரியும், எழுத்து தெரியாது. ஆக, நான் எழுத்தைக் கூட்டிச் சத்தமாக வாசிப்பேன். அவர் கேட்டுக் கொஞ்ச நேரம் யோசித்து, “ஆ, அது இப்படி” என்று திருத்திச் சொல்லுவார், பிறகு தமிழில் பொருள் சொல்லுவார். உயிர்க்குறி இல்லாத எழுத்து. ஒரு சொல்லை நான் மூன்று விதமாக வாசித்தால் அவர் அதில் ஒன்றைப் பொறுக்கி எடுப்பார். அஸர் முடிந்து தொடங்கி மஃரிப் பாங்கு சொல்லும்வரை நான்கு பக்கம் வாசித்தோம். பெரும்பாலும் பிள்ளை பிறந்த நாள், மௌத்தான நாள், கடன் கணக்கு. ஒரு வரியில் ஓர் ஆளின் பெயர், ஒரு ஹிஜ்ரி ஆண்டு, பின்பு ஒரே ஒரு சொல். “பூலாங்” என்று வாசித்தேன். மூத்தம்மா உடனே சொன்னார்: “ஊட்டுக்குத் திரும்பிட்டார்.” ஆண்டின் கடைசி இலக்கத்தைப் பூச்சி தின்றிருந்தது. 127 மட்டும் மிச்சம். அதாவது 1853க்கும் 1863க்கும் இடையில் ஏதோ ஒரு நாள். எங்கிருந்து திரும்பினார் என்று எழுதவில்லை. வீட்டாருக்கு அதை எழுதத் தேவையும் இருந்திருக்காது.

பிறப்புக்கும் இறப்புக்கும் சமமாக, திரும்பி வந்த நாளையும் ஒரு குடும்பம் பதிந்து வைத்திருக்கிறது என்பதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

கடமைக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் பிரச்சினை இஸ்லாமிய வரலாற்றுக்குப் புதிதல்ல. கலீபா உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவு மதீனாவில் நகர்வலம் வந்தபோது, போருக்குப் போன கணவனை நினைத்து ஒரு பெண் தனிமையில் பாடுவதைக் கேட்டார்கள். மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் போய், ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று வினவினார்கள். நான்கு மாதம் என்று சில அறிவிப்புகளும் ஆறு மாதம் என்று சில அறிவிப்புகளும் கூறுகின்றன. அந்தக் காலத்துக்கு மேல் படையினரைப் போர்முனையில் நிறுத்திவைக்கக் கூடாது என்று கலீபா உத்தரவிட்டார்கள். படைவீரனின் விடுமுறையை அவன் மனைவியின் பொறுமையை வைத்து அளந்த ஆட்சியாளர் உலக வரலாற்றில் வேறு எத்தனை பேர் என்று எனக்குத் தெரிந்தவரை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். இரண்டாவது விரலுக்குப் போக முடியவில்லை.

அதே உமர் (ரலி) அவர்கள் கடற்படையெடுப்புக்கு அனுமதி கொடுக்கவே இல்லை. முஆவியா (ரலி) சைப்பிரஸ் தீவுக்குப் போக அனுமதி கேட்டும் மறுத்துவிட்டார்கள். பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் அனுமதித்தபோதும் இரண்டு நிபந்தனைகள் விதித்தார்கள்: யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, முஆவியா தன் மனைவியையும் கப்பலில் அழைத்துச் செல்லவேண்டும். கடல் பாதுகாப்பானது என்று சொல்பவன் தன் குடும்பத்தை ஏற்றிக் காட்டட்டும் என்பதே அதன் பொருள். ஹிஜ்ரி 28இல் நடந்த அந்தப் பயணத்தில் உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்களோடு சென்ற அவர் மனைவி உம்மு ஹராம் (ரலி), தீவில் வாகன மிருகத்திலிருந்து விழுந்து ஷஹீதானார்கள். லார்னக்கா உப்பேரிக் கரையில் அவர்களது அடக்கஸ்தலம் இன்றும் இருக்கிறது. முதல் முஸ்லிம் கடற்படையின் பயணத்தில் வீடு திரும்பாதவர்களில் நாம் பெயர் சொல்லி நினைவுகூருவது ஒரு பெண்ணை என்பது கவனிக்கத்தக்கது.

சட்டத்தில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. காணாமற்போன கணவனின் மனைவி எவ்வளவு காலம் காத்திருப்பது? இமாம் ஷாஃபி அவர்களின் பழைய கருத்தின்படி நான்கு ஆண்டு. அதன்பின் நான்கு மாதம் பத்து நாள் இத்தா. அவர்களது புதிய கருத்தின்படி, இறந்தது உறுதியாகும்வரை அவள் காத்திருக்கவேண்டும். மலாயரும் சோனகரும் ஷாஃபி மத்ஹபினர். சீனக் கரைக்குப் போன ஒருவனின் செய்தி வராத வீட்டில் இந்த இரண்டு கருத்துகளுக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு பெண்ணின் இளமை முழுவதும் ஆகும். மத்ரசாவில் மஸ்அலாவாகப் படிக்கும்போது இது நமக்கு உறைப்பதில்லை.

படைவீரன் வெளியே போக, வீட்டை நடத்தியவர்கள் பெண்கள். பிள்ளைகளின் மொழியும் அவர்கள் வாயிலிருந்தே வந்தது. இலங்கை மலாய் மொழியை ஆராய்ந்தவர்கள் ஒரு வியப்பான செய்தியைச் சொல்கிறார்கள். சொற்கள் மலாய், இலக்கணம் நம்மூர். மலேசியாவில் ‘வீட்டுக்கு’ என்பதை ‘கெ ருமா’ என்பார்கள், வேற்றுமை முன்னால் வரும். இங்கே அது ‘ருமாநாங்’. ‘வீடு’ முதலில், ‘கு’ பின்னால், தமிழைப் போலவே. வினையும் வாக்கியத்தின் கடைசிக்கு வந்துவிட்டது. மலாய்ப் படையினர் தமிழ் பேசும் சோனகப் பெண்களை மணந்ததன் விளைவு இது என்பது ஹுசைன்மியா போன்றோரின் கருத்து. அவ்வளவு கலப்புமணம் நடக்கவில்லை, சிங்களத்தின் செல்வாக்கும் உண்டு என்று மறுப்போரும் இருக்கிறார்கள். நான் மொழியியலாளன் அல்லன். ஆனால் மாளிகாவத்தையில் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பேசுவதை ஆண்டுக்கணக்காகக் கேட்டவன் என்ற முறையில், முதற் கருத்தின் பக்கமே சாய்கிறேன்.

கொடுக்கல் வாங்கல் அதற்கு முன்பிருந்தே நடந்ததுதான். நம்முடைய கப்பல் அவர்களுக்குக் ‘கபால்’, கடை ‘கெடாய்’, பெட்டி ‘பெத்தி’, லெப்பை ‘லெபாய்’. அவர்களுடைய சாரமும் சம்பலும் நம் வீட்டில். யார் யாருக்குக் கடன் என்று கணக்குத் தீர்க்கப் போனால் பொழுது விடிந்துவிடும்.

ஹொங்கொங் காவல் 1850களில் முடிந்தது. அடுத்த இருபதாண்டுகளில் இதே படையணியின் பிரிவுகள் லபுவான் தீவிலும் நீரிணைக் குடியிருப்புகளிலும் காவல் புரிந்தன. இது ஹொங்கொங்கைப்போல் அந்நியக் கரை அன்று. பாட்டன் பூட்டனின் மொழி பேசும் கடற்கரை. சிங்கப்பூரில் இறங்கிய இலங்கை மலாய்ச் சிப்பாய்க்குக் கடைத்தெருவில் பேச மொழிபெயர்ப்பாளன் தேவைப்பட்டிருக்காது. அவன் பேச்சைக் கேட்டவர்கள் சிரித்திருக்கக்கூடும், அவ்வளவுதான். நம்மைப் பார்த்து ‘வந்தவர்கள், வந்த இடத்துக்கே போகவேண்டியவர்கள்’ என்று கூவுகின்ற குரல்கள் 1915இலும் இருந்தன, 2014இல் அளுத்கமையிலும் 2018இல் திகனையிலும் கேட்டன. வந்த இடத்துக்கே அரசாங்கச் செலவில் கொண்டுபோய் விடப்பட்ட ஒரு படை, காவல் முடிந்ததும் கொழும்புக்குக் கப்பல் ஏறியது என்பதை அந்தக் குரல்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லலாம்.

அந்தத் தொடர்பிலிருந்து ஒரு நல்ல காரியமும் பிறந்தது. 1869இல் பாபா யூனுஸ் சல்தீன் கொழும்பில் ‘அலாமத் லங்காபுரி’ என்ற மலாய்ப் பத்திரிகையை ஜாவி எழுத்தில் கல்லச்சில் வெளியிட்டார். சிங்கப்பூரின் ‘ஜாவி பெரானாக்கன்’ 1876இல்தான் வந்தது. அதாவது மலாய் மொழிப் பத்திரிகை உலகின் முன்னோடிகளுள் ஒன்று நம் கொழும்பில் பிறந்தது. சித்திலெப்பையின் ‘முஸ்லிம் நேசன்’ 1882. பதின்மூன்று ஆண்டு மூத்த இந்தச் சகோதரனை நம் இதழியல் வரலாறுகள் அடிக்குறிப்பிலாவது சேர்த்துக்கொண்டால் நல்லது.

1873இல் படையணி கலைக்கப்பட்டது. அதன்பின் மலாயர் பொலிஸிலும் தீயணைப்புப் படையிலும் சிறைக்காவலிலும் தோட்டங்களிலும் தொழில் தேடிக்கொண்டார்கள். கடல் கடந்த சேவை அத்தோடு முடிந்தது.

பத்து ஆண்டு கழித்து, 1883 ஜனவரியில், எதிர்த்திசையிலிருந்து ஒரு கப்பல் வந்தது. அறபி பாஷாவும் தோழர்களும். அறபி பாஷாவுக்கும் மருதானை ஸாஹிராவுக்கும் உள்ள தொடர்பு எல்லோருக்கும் தெரியும். அவரோடு வந்த மஹ்மூத் ஸாமி அல்பாரூதியை நம் இலக்கிய வட்டங்கள் இன்னும் கொஞ்சம் நினைக்கவேண்டும். நவீன அறபுக் கவிதையின் மறுமலர்ச்சிக்கு வித்திட்ட அந்தப் பாஷா, படைத்தலைவராகக் கிரீட் தீவுக்கும் ருஷ்யப் போர்முனைக்கும் போய்த் திரும்பியவர். இலங்கையிலிருந்து திரும்ப அவருக்குப் பதினாறு ஆண்டுக்கு மேல் பிடித்தது. இங்கிருந்த காலத்தில் மனைவி எகிப்தில் இறந்தார். கண்பார்வை போயிற்று. ஊர் ஏக்கத்தை அவர் பாடிய கவிதைகளுக்கு ‘ஸரந்தீபிய்யாத்’ என்றே பெயர். மலாய்ச் சிப்பாய் எந்தக் கரையை நினைத்து ஏங்கினானோ, அதே கரையில் நின்று பாரூதி வேறொரு கரைக்காக ஏங்கினார். அறபி பாஷா 1901இல் நாடு திரும்பியபோது இளந்தலைமுறைத் தேசியவாதிகள் அவரை வரவேற்கவில்லை, திட்டித்தான் எழுதினார்கள். 1911இல் இறக்கும்வரை அவர் சொந்த ஊரில் ஏறத்தாழ மறக்கப்பட்ட மனிதர்.

திரும்பாமற்போனவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் இலங்கைப் பீரங்கிப் படையின் ஒரு பிரிவு, கொக்கோஸ் தீவுக்கூட்டத்தின் ஹோர்ஸ்பரோ தீவில் நிறுத்தப்பட்டது. அந்தத் தீவுக்கூட்டத்தின் குடிகளும் மலாயரே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னந்தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர். 1942 மே 8ஆம் திகதி இரவு கிரேஷன் பெர்னாண்டோ தலைமையில் சில இலங்கை வீரர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஒரு வீரர் இறந்தார், ஓர் அதிகாரி காயமடைந்தார், விடிவதற்குள் அடங்கிவிட்டது. ஏழு பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, நால்வருடையது குறைக்கப்பட்டது. மற்ற மூவரும் கொழும்புக்குத் திரும்பினார்கள், வெலிக்கடைச் சிறைக்கு. ஓகஸ்ட் 5, 7, 8 ஆகிய திகதிகளில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தப் போரில் கலகக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட பொதுநலவாயப் படையினர் அவர்கள் மட்டுமே. மாளிகாவத்தையிலிருந்து பொரளைப் பக்கம் போகும் எவரும் அந்தச் சிறைமதிலைக் கடந்துதான் போகிறார்கள்.

கொம்பனித்தெருவின் பழைய வீடுகளும் இப்போது குறைந்துவருகின்றன. 2010 மே மாதத்தில் மியூஸ் வீதி வீடுகள் உடைக்கப்பட்டன. பின்னர் ஜாவா லேன் பக்கமும் நகர அபிவிருத்தி வந்தது. குடும்பங்கள் தெமட்டகொடை முதலான இடங்களின் உயர்மாடிகளுக்குப் போயின. வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது வாசிக்கத் தெரியாத கடதாசி. நான் பார்த்த அந்தக் கொப்பிக்கும் அதுவே நடந்தது. மூத்தம்மா மௌத்தானபின் போய்க் கேட்டபோது, இரும்புப் பெட்டியைப் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிட்டதாகவும் உள்ளே இருந்ததைப் பார்க்கவில்லை என்றும் பேரன் சொன்னான்.

வாசகர்களில் யாருடைய வீட்டிலாவது, அல்லது பக்கத்து வீட்டிலாவது, ஜாவியிலோ அறபுத் தமிழிலோ எழுதிய கொப்பியோ கடிதமோ இருந்தால், பெட்டியை அசைக்குமுன் ஒரு படமாவது எடுத்து வையுங்கள். கையடக்கத் தொலைபேசி போதும். எழுத்துத் தெரிந்த ஒருவரையும் மொழி தெரிந்த ஒருவரையும் ஒரே பாயில் உட்காரவைத்தால் பாதி வாசித்துவிடலாம். மலாய் பேசும் மூத்தவர்கள் மாளிகாவத்தையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.